ஆர்லிஸ் ஹாகனின் வலது தோள்

என் நாத்தனார் ஆர்லிஸ் ஹாகனுக்குத் தோள் வலிக்கிறது என்று நிரூபிக்க எங்களுக்குக் கிட்டத்தட்ட இரண்டு வருடம் பிடித்தது. எதிர்த்தரப்பு வக்கீல் பெரிய கெட்டிக்காரர் என்பதால் அல்ல. அவர் பாவம், சாது. வலிக்கிறவளே அதை ஒப்புக்கொள்ள மாட்டேன் என்றதுதான் தகராறு.

என் பெயர் கார்மெலா. சிகாகோவில் பிறந்து வளர்ந்தவள். எங்கள் வீட்டில் யாராவது கால் சுண்டுவிரலை மேசையில் இடித்துக்கொண்டால் தெருமுனை ரொட்டிக்கடை வரை செய்தி போய்விடும். ஆர்லிஸின் தம்பி வெண்டலைக் கட்டிக்கொண்டு இந்த வட மினசோட்டாவுக்கு வந்து முப்பத்திரண்டு வருடம் ஆகிறது. இன்னமும் என்னை 'வெண்டல் கூட்டிட்டு வந்த பொண்ணு' என்றுதான் சொல்கிறார்கள். இங்கே யாருக்கும் எதுவும் வலிக்காது. என் மாமனாரின் மாட்டுக் கொட்டகை அடியோடு எரிந்து போன அன்று, அக்கம்பக்கத்தில் விசாரித்தவர்களிடம் அவர் சொன்னது: "சாயங்காலம் கொஞ்சம் சூடா இருந்துது." அந்த மனிதரின் மூத்த மகள்தான் ஆர்லிஸ். அப்பாவைவிட அவள் ஒரு படி மேல்.

அவளுக்கு அப்போது வயது அறுபத்தொன்று. புருஷன் போய் ஒன்பது வருடம். பிள்ளைகள் இல்லை. இருபத்தாறு வருடமாகத் தபால் கொண்டுபோகிறாள். தபால் இலாகாவின் ஊழியர் அல்ல, ஒப்பந்தக்காரி. கார் அவளுடையது, பெட்ரோல் அவளுடையது, உடம்புக்கு வந்தால் அதுவும் அவளுடைய பாடு. தொண்ணூற்றாறு மைல் சரளைச் சாலை, இருநூற்றுப் பதினெட்டுப் பெட்டிகள். பெட்டிகள் சாலையின் வலது ஓரத்தில் கம்பத்தின் மேல் நிற்கும். காரின் ஸ்டியரிங்கோ இடப்பக்கம். அதனால் அவள் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, இடது கையால் ஸ்டியரிங்கையும் இடது காலால் பிரேக்கையும் சமாளித்துக்கொண்டு, வலது கையை ஜன்னல் வழியாக நீட்டிப் பெட்டியைத் திறந்து, தபாலைப் போட்டு, மூடிவிட்டுப் போவாள். முதல் தடவை பார்த்தபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவள் அதே கோலத்தில் சாண்ட்விச்சும் சாப்பிடுவாள்.

அந்த வருடம் அக்டோபர் இருபதாம் தேதி, வியாழக்கிழமை சாயங்காலம், ஊர் தீயணைப்பு நிலையத்தில் ஃப்ளூ ஊசி போட்டார்கள். நீள வரிசை. ஆர்லிஸ் இரண்டு ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டு போயிருந்தாள். கழற்றினால் பின்னால் நிற்கிறவர்களுக்குத் தாமதமாகுமே என்று கழுத்துப் பக்கத்தைப் பிடித்துக் கீழே இழுத்து, தோளை மட்டும் காட்டினாள். எந்தக் கையில் போட என்று நர்ஸ் கேட்டதற்கு, "உங்களுக்கு எது சௌகரியமோ" என்றிருக்கிறாள். நர்ஸ் நின்றது வலப்பக்கம். கைச் சதையில் இறங்க வேண்டிய ஊசி, மேலே ஏறித் தோள்மூட்டுக்குள் இறங்கிவிட்டது. "ரொம்ப நல்லா போட்டீங்க, நன்றி" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனாள் இந்த மகராசி. இரவு சாப்பாட்டு நேரத்துக்கெல்லாம் கை மார்புக்கு மேல் எழவில்லை.

இதெல்லாம் எனக்கு எப்போது தெரிந்தது? எட்டு மாதம் கழித்து, ஜூன் மாதத்தில்.

வழக்கம்போல ஒரு நாள் காப்பிக்குப் போயிருந்தேன். சமையலறையில் மேல் அலமாரிகள் எல்லாம் காலியாக இருந்ததை அன்றுதான் கவனித்தேன். தட்டு, கோப்பை, மாவு டப்பா எல்லாம் மேசைமேல் வந்து குந்தியிருந்தன.

"வீடு மாத்தறியா என்ன?"

"இல்ல. இங்க இருந்தா எடுக்கச் சுலபமா இருக்கு."

"ஏன், மேல இருந்தா என்ன?"

"கை கொஞ்சம் வேற மாதிரி இருக்கு."

அந்த 'வேற மாதிரி'யைப் பிடித்து இழுத்து, நான் அரைமணி நேரம் குடைந்த பிறகு ஊசி விவகாரம் வெளியே வந்தது. குளிர்சாதனப் பெட்டியின் கதவில், ஊசி போட்ட அன்று கொடுத்த துண்டுக் காகிதத்தை ஒரு காந்தத்தின் கீழ் செருகி வைத்திருந்தாள். கொடுத்த காகிதத்தைத் தூக்கிப் போடுவது மரியாதை இல்லையாம். அதன் அடியில், தடுப்பூசியால் பாதிப்பு வந்தால் இழப்பீடு கேட்க அரசாங்கமே ஒரு வழி வைத்திருக்கிறது என்று பொடி எழுத்தில் போட்டிருந்தது. எட்டு மாதம் தினமும் அந்தக் கதவைத் திறந்து பால் எடுத்திருக்கிறாள்.

மறுநாளே மாநிலத் தலைநகர் செயின்ட் பாலில் ஒரு வக்கீலைப் பிடித்தேன். பெயர் மைனூ வாங். லாவோஸ் பக்கத்து மோங் இனத்துப் பெண், முப்பத்தைந்து வயதிருக்கும், பேச்சில் ஒரு அவசரமும் இல்லை. ஆர்லிஸை நான் காரில் அள்ளிப் போட்டுக்கொண்டு போனேன்.

"சட்டம் நாலு விஷயம் கேக்குது, மிஸஸ் ஹாகன்" என்றாள் மைனூ. "ஊசிக்கு முன்னாடி அந்தத் தோள்ல கோளாறு இருந்திருக்கக் கூடாது. ஊசி போட்ட நாப்பத்தெட்டு மணி நேரத்துக்குள்ள வலி ஆரம்பிச்சிருக்கணும். அந்த ஒரு தோள்ல மட்டும்தான் இருக்கணும். ஆறு மாசத்துக்கு மேல நீடிக்கணும். நாலுக்கும் அத்தாட்சி வேணும்."

ஆர்லிஸ் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு யோசித்தாள்.

"அந்த நர்ஸம்மாவுக்கு இதனால ஒண்ணும் ஆகாதே?"

"ஆகாது. யார் மேலயும் குத்தம் சொல்ற வழக்கு இல்ல இது. இதுக்குன்னே அரசாங்கம் ஒரு நிதி வெச்சிருக்கு."

"ஊசியே கூடாதுன்னு நான் சொல்ற மாதிரி ஆயிடாதே?"

"ஆகாதுங்க."

அதற்குப் பிறகுதான் கையெழுத்துப் போட்டாள். அதுவும் இடது கையால், எழுத்துக் கூட்டுகிற குழந்தை மாதிரி. அந்த வருட அக்டோபரிலும் வரிசையில் நின்று ஊசி போட்டுக்கொண்டாள், ஸ்வெட்டரைக் கழற்றி, இடது கையில்.

ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில் தோளுக்குள் தசைநார் கிழிந்து, மூட்டு இறுகிப் போயிருந்தது. ஆபரேஷன் செய்தால் கை பெரும்பாலும் திரும்பி வரும் என்றார் எலும்பு டாக்டர். ஆர்லிஸ் மாதாமாதம் கட்டி வந்த மலிவுக் காப்பீடு, அதற்கெல்லாம் கொடுக்க முடியாது என்று கடிதம் போட்டுவிட்டது. கையில் இருந்த சேமிப்பில் ஆபரேஷன் அறையின் கதவைக்கூடத் திறக்க முடியாது. வழக்கு ஜெயித்தால்தான் ஆபரேஷன். இதற்கு நடுவில் ஊருக்குப் புதிதாக வந்த தபால் அதிகாரி கெடு வைத்தார்: அவளுடைய ஒப்பந்தம் இன்னும் இரண்டு வருடத்தில், ஜூன் முப்பதில் முடிகிறது. அதற்குள் ஆபரேஷன் தேதியும், கை சரியாகும் என்று டாக்டர் கடிதமும் வந்தால் புதுப்பிக்கலாம். குணமாகும் வரை வெண்டல் ஓட்டட்டும். வராவிட்டால் அவளுடைய தபால் தடம் வேறு ஆளுக்குப் போகும். ஆர்லிஸுக்கு அந்தத் தடம் வெறும் வேலை அல்ல. புருஷன் போன மறுவாரமே திரும்பவும் அதில்தான் ஏறி உட்கார்ந்து பிழைத்தாள்.

முதல் சங்கடம் ஆஸ்பத்திரிக் குறிப்புகளில் வந்தது. மைனூ அவற்றை வரவழைத்து எங்கள் முன்னால் படித்தாள். டிசம்பரில் ரத்த அழுத்தம் பார்க்கப் போனபோது: 'குறை ஒன்றும் இல்லை என்கிறார்.' ஜனவரியில்: 'வலது தோள் கொஞ்சம் வேறு மாதிரி இருக்கிறதாம். பனி அள்ளியதால் இருக்கலாம் என்கிறார்.' மார்ச்சில்: 'வலி பத்துக்கு இரண்டு. நர்ஸ்களுக்கு வீட்டில் சுட்ட பிஸ்கட் கொண்டுவந்தார்.'

எனக்கு வந்த கோபத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்துவிட்டது.

"பனியா? ஏன்டி பனின்னு சொன்னே?"

"எதனாலன்னு டாக்டர் கேட்டாரு. ஊசின்னு சொன்னா அந்த நர்ஸம்மாவப் பத்திக் கோள் சொன்ன மாதிரி இருக்கும். பனின்னா யாருக்கும் மனசு கஷ்டம் இல்ல."

"பிஸ்கட்?"

"மாவு இடது கையால பிசைஞ்சேன். சுமாராதான் வந்துது."

மைனூ குறிப்பை மூடி வைத்தாள். "அரசாங்க வக்கீல் இத வெச்சுதான் பேசுவாரு. பனி அள்ளினதால வந்த வலின்னு உங்க வாயாலயே சொல்லியிருக்கீங்க. அக்டோபர் இருபத்திரண்டுக்குள்ள வலி வந்துச்சுன்னு காட்ட யாராவது வேணும். யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"இல்லயே."

"ஒருத்தர்கிட்டகூடவா?"

"கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்" என்றாள் ஆர்லிஸ். அவள் சொல்லியிருக்க மாட்டாள்.

சாட்சி தேடும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். நான் முதலில் எழுதிக் கொடுத்த பதினோரு பக்க வாக்குமூலத்தை மைனூ மரியாதையாகத் திருப்பித் தந்துவிட்டாள். அதில் வலி ஆரம்பித்த தேதியைத் தவிர எல்லாம் இருந்ததாம். எங்கள் வீடு ஊருக்குள், தபால் நிலையத்திலேயே எங்களுக்குப் பெட்டி. அவள் தடத்தில் நான் இல்லை. ஆகவே ஆகஸ்டில் காரை எடுத்துக்கொண்டு அந்தத் தொண்ணூற்றாறு மைலையும் வீடு வீடாகப் போனேன்.

போன முதல் மணி நேரத்திலேயே ஒன்றைக் கவனித்தேன். அங்கங்கே சில தபால் பெட்டிகள் சாலையின் இடப்பக்கத்தில் நின்றன. பிளாஸ்டிக் வாளியில் சிமெண்ட் ஊற்றி, அதில் கம்பத்தை நட்டு, சாலைக்கு எதிர்ப்புறம் தூக்கி வைத்திருந்தார்கள். ஒருவர் பழைய டிராக்டர் சக்கரத்தில் நட்டிருந்தார். ஆர்லிஸ் ஓட்டுநர் இருக்கைக்கு மாறி, ஒவ்வொரு பெட்டிக்கும் காரை விட்டு இறங்கிச் சுற்றி வந்து இடது கையால் போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு நாளைக்கு இருநூற்றுப் பதினெட்டுத் தடவை இறங்குவதும் ஏறுவதும், பூஜ்யத்துக்குக் கீழே இருபது டிகிரியில். பெட்டி இடப்பக்கம் இருந்தால் இறங்காமலே இடது கையை நீட்டலாம். எண்ணிப் பார்த்தேன், முப்பத்தேழு பெட்டிகள்.

ஒரு வீட்டுக்காரரைக் கேட்டேன். "பெட்டிய ஏங்க அந்தப் பக்கம் மாத்தினீங்க?"

"அந்தப் பக்கமும் நல்லாதான் இருக்குன்னு தோணிச்சு."

"ஆர்லிஸுக்குக் கை முடியலன்னுதானே?"

அவர் தொப்பியைக் கழற்றி உள்ளே பார்த்தார். "அப்படியும் இருக்கலாம்."

"எப்போலேர்ந்து முடியலன்னு ஞாபகம் இருக்கா?"

"இருக்கும். குளிருக்கு முன்னாடி இருக்கும். இல்ல பின்னாடி."

எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். ஒருவரும் கேட்கவில்லை. ஒருவருக்கும் தேதி தெரியவில்லை. அன்று சாயங்காலம் ஆர்லிஸிடம் போய்க் கத்தினேன்.

"முப்பத்தேழு பேரு உனக்காகப் பெட்டிய மாத்தியிருக்காங்க, தெரியுமா?"

"தெரியும்."

"ஒரு நன்றி சொன்னியா?"

"சொன்னா அவங்களுக்குக் கூச்சமா இருக்காதா?"

இந்த ஜனங்களோடு முப்பத்திரண்டு வருடம் எப்படிக் குப்பை கொட்டினேன் என்று எனக்கே தெரியவில்லை. காருக்குள் போய் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன்.

மூன்றாம் நாள் செல்மர் ப்ரெக்கெ வீட்டுக்குப் போனேன். எழுபத்தெட்டு வயது, கல்யாணம் ஆகாதவர், நாற்பது மாடு. காப்பி ஊற்றிக் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார். பத்து நிமிடம் நான் மட்டும் பேசினேன்.

"அக்டோபர் கடைசியா இருக்குமா செல்மர்? கொஞ்சம் யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிக்க வேண்டாம். எழுதி வெச்சிருக்கேன்."

எழுந்து போய் ஒரு காலணிப் பெட்டியைக் கொண்டுவந்தார். விதைக் கம்பெனிக்காரர்கள் வருடா வருடம் இலவசமாகக் கொடுக்கிற சட்டைப்பை நோட்டுப் புத்தகங்கள், நாற்பத்தொன்று. எங்கள் பக்கத்துக் குடியானவர்கள் பலருக்கும் இந்தப் பழக்கம் உண்டு. தினமும் இரண்டு வரி: குளிர் ஃபாரன்ஹீட்டில் எத்தனை டிகிரி, காற்று எந்தத் திசை, மழையா பனியா. இவர் கூடவே தபால் வந்த நேரத்தையும் எழுதுவார். அவர் வீட்டுக்கு ஒரு நாளில் வருகிற ஒரே ஆள் தபால்காரிதான்.

'அக். 20 வியாழன். 41 டிகிரி. தெற்குக் காற்று. தபால் 11.05.

அக். 21 வெள்ளி. 38. மேற்கு. தபால் 11.50. ஆர்லிஸ் காரை விட்டு இறங்கி இடது கையால் போட்டாள். வலது கை கோட்டுப் பையில்.

அக். 22 சனி. 44. காற்று இல்லை. தபால் 12.10. மறுபடி இறங்கினாள். வலது கையைத் தூக்கவில்லை.'

நான் பக்கங்களைப் புரட்டினேன். ஒவ்வொரு நாளும் டிகிரி, காற்று, தபால். மழைகூட இல்லை. நவம்பர் பத்தாம் தேதிக்கு வந்ததும் என் கை நின்றது. 'முதல் பனி. நான்கு அங்குலம்.'

அதாவது அந்தக் கை விழுந்து இருபது நாள் கழித்துத்தான் எங்கள் பக்கத்தில் அள்ளுவதற்குப் பனியே இருந்தது. நான் செல்மரைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தேன். பாவம், மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டும் என்று வெளியே போனவர் நான் கிளம்பும் வரை திரும்பி வரவில்லை.

விசாரணைக்குத் தேதி கிடைக்கப் பிப்ரவரி வரை, அதுவும் அதற்கடுத்த பிப்ரவரி வரை, காத்திருந்தோம். இந்த வழக்குகளுக்கென்றே இருக்கிற சிறப்பு நீதிபதி வாஷிங்டனில். நாங்கள் மாவட்டத் தலைநகரின் நூலகத்தில், பெரிய திரை வைத்த ஒரு அறையில். திரையில் நரைத்த தலையோடு நீதிபதியம்மா ஒரு கட்டத்தில், அரசாங்க வக்கீல் இன்னொரு கட்டத்தில். நான் சாட்சி இல்லை, துணைக்கு வந்தவள். வாயைத் திறக்கக் கூடாது என்று மைனூ என்னிடம் மூன்று தடவை சொல்லியிருந்தாள்.

மாட்டுக்குத் தீனி வைக்கப் போக வேண்டும் என்பதால் செல்மரை முதலில் விசாரித்தார்கள். கல்யாணத்துக்கு வந்தவர் மாதிரி கோட்டுப் போட்டு வந்திருந்தார். நோட்டுப் புத்தகம் அசல்தானா என்பதில் அரசாங்க வக்கீலுக்குச் சந்தேகம் இல்லை. வேறு ஒன்றைத்தான் கேட்டார்.

"தபால் எப்படி வந்ததுங்கிறத ஏன் குறிச்சு வெச்சீங்க?"

"வழக்கமா வர்ற மாதிரி வரலை."

"ஏன் அப்படின்னு மிஸஸ் ஹாகனைக் கேட்டீங்களா?"

"இல்ல."

"ஏன் கேக்கலை?"

செல்மர் கொஞ்சம் யோசித்தார். "அது அவங்க கையாச்சே."

நீதிபதியம்மா எதையோ எழுதிக்கொண்டார். செல்மர் கோட்டைச் சரிசெய்துகொண்டு மாடுகளைப் பார்க்கப் போனார். அடுத்து ஆர்லிஸ். அரசாங்க வக்கீல் ஆஸ்பத்திரிக் குறிப்புகளை எடுத்தார்.

"டிசம்பர்ல டாக்டர்கிட்ட 'குறை ஒண்ணும் இல்ல'ன்னு சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"அப்போ தோள் வலிச்சுதா?"

"வலிச்சுது."

"அப்புறம் ஏன் சொல்லலை?"

"அவரு ரத்த அழுத்தத்தப் பத்திதான் கேட்டாரு."

"மார்ச்ல பத்துக்கு ரெண்டுன்னு சொல்லியிருக்கீங்க. சரி, இப்போ எவ்வளவு வலிக்குது?"

"அவ்வளவு மோசமில்ல" என்றாள் ஆர்லிஸ்.

மைனூ பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். எனக்கு மேசையில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. இரண்டு வருடம் சாட்சி தேடி அலைந்து, காகிதம் காகிதமாகச் சேர்த்துக்கொண்டு வந்து நிறுத்தினால், இவள் அரசாங்கத்துக்கு மனசு கஷ்டமாகுமே என்று பார்க்கிறாள்! அரசாங்க வக்கீலுக்கே கொஞ்சம் சங்கடமாகிவிட்டது. வேறு கேள்வி இல்லை என்றார்.

நீதிபதியம்மா கண்ணாடியைக் கழற்றினார்.

"மிஸஸ் ஹாகன், நான் ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். ஒரு நாள் உங்களுக்கு எப்படிப் போகுது? காலையிலேர்ந்து ராத்திரி வரைக்கும். அவசரமில்ல, சொல்லுங்க."

ஆர்லிஸ் ஒன்றும் சொல்லவில்லை. நீதிபதியும் ஒன்றும் சொல்லவில்லை. காத்திருந்தார். சுவர்க் கடிகாரத்தின் முள் ஓடுவது கேட்டது. பத்து வினாடி, இருபது வினாடி. என் நாக்கு நுனியில் எல்லாம் வந்து நின்றது: மேல் அலமாரி, இடது கைக் கையெழுத்து, தலை வார முடியாமல் அவள் முடியை ஒட்ட வெட்டிக்கொண்டது. வாயைத் திறக்கப் போனேன். மைனூ மேசைக்கு அடியில் என் காலை மிதித்தாள், நன்றாகவே மிதித்தாள்.

"நான் படுத்துத் தூங்கி ரெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சு" என்றாள் ஆர்லிஸ்.

குரல் மாறவே இல்லை. தபால் தலை விலை சொல்கிற மாதிரிதான் சொன்னாள்.

"நாற்காலியில உக்காந்தேதான் தூங்கறேன். படுத்தா உள்ள யாரோ முறுக்கற மாதிரி இருக்கும். ரெண்டு மணி நேரம் தூங்குவேன். அப்புறம் எழுந்து நடப்பேன். காலையில சட்டை போட முக்கா மணி நேரம் ஆகும். சில நாள் பாதி மாட்டினதுக்கப்புறம் கட்டில் ஓரத்துல உக்காந்து அழுவேன். அழுது முடிச்சிட்டு மீதியப் போட்டுக்குவேன். அப்புறம் தபாலுக்குப் போவேன்."

"இது யாருக்காவது தெரியுமா?"

"தெரியாதுங்க."

"யாரும் கேக்கலையா?"

"கேப்பாங்க. என் தம்பி பெண்டாட்டி ரொம்ப நல்லவ. தினம் வருவா. எப்படி இருக்கேன்னு தினமும் கேப்பா." ஆர்லிஸ் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள், என் பக்கம் திரும்பவில்லை. "நான் யோசிச்சு வாயத் திறக்கறதுக்குள்ள, அவ அவளோட முழங்கால் வலியப் பத்திச் சொல்ல ஆரம்பிச்சிடுவா. அது நிஜமாவே வலிக்கிற முழங்கால்தான். நான் குறை சொல்லலை."

ஊரில் நடக்கிற எல்லாம் எனக்குத் தெரியும் என்று மார்தட்டிக்கொண்டு திரிந்தவள் நான். செல்மர் ஜன்னல் வழியாகப் பார்த்ததைக்கூட நான் எதிரில் உட்கார்ந்து பார்க்கவில்லை. வெட்கத்தில் முகம் எரிந்தது. வீடு திரும்பும் அறுபது மைலும் காரில் நான் ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு உடம்பு சரியில்லையோ என்று ஆர்லிஸ் இரண்டு தடவை பார்த்தாள். கேட்கவில்லை.

ஏப்ரல் கடைசியில் தீர்ப்பு வந்தது, இருபத்திரண்டு பக்கம். நோட்டுப் புத்தகம் நம்பத் தகுந்தது; வலி நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் ஆரம்பித்தது; முதல் பனி அதற்குப் பிறகுதான் விழுந்தது; இழப்பீடு பெற இவருக்கு உரிமை உண்டு. கூடவே நீதிபதி ஒரு பத்தி எழுதியிருந்தார்: இந்த மனுதாரர் தன் வேதனையைக் குறைத்தே சொல்லிப் பழகியவர், இப்படிப்பட்டவர் வலி இரண்டு என்று சொன்னால், அதை இரண்டு என்று எடுத்துக்கொள்ள முடியாது.

தொகையைப் பேசி முடிவு செய்ய நாளாகும். ஆனால் தீர்ப்பின் நகலைக் கொண்டுபோய்க் காட்டியதும் எலும்பு டாக்டர் ஜூன் பன்னிரண்டுக்குத் தேதி கொடுத்தார், கை திரும்பும் என்று கடிதமும் கொடுத்தார். தபால் அதிகாரி இரண்டையும் வாங்கிக்கொண்டு ஒப்பந்தத்தைப் புதுப்பித்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆர்லிஸ் வீட்டுக்குப் போனேன். தீர்ப்பை மேசைமேல் விரித்து வைத்திருந்தாள்.

"இத இன்டர்நெட்ல போடுவாங்களாமே. மைனூ சொன்னா."

"போடட்டுமே. ஜெயிச்சிருக்கே!"

"நான் அழுதேன்னு பன்னெண்டாம் பக்கத்துல இருக்கு, கார்மெலா. பேரோட இருக்கு." அவள் காது மடல்கூடச் சிவந்திருந்தது.

சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, அடக்கிக்கொண்டேன். அவள் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"எப்படி இருக்கே, ஆர்லிஸ்?"

கேட்டுவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டேன். அவள் ஜன்னலைப் பார்த்தாள், மேசைவிரிப்பின் ஓரத்தை நீவினாள், என்னைப் பார்த்தாள். நான் எதையாவது சொல்வேன் என்று எதிர்பார்த்தாள். நான் பேசவில்லை. என் வாழ்நாளில் அத்தனை நேரம் பேசாமல் உட்கார்ந்ததில்லை. அடுப்பில் காப்பி பொங்கி வழிந்தது, எழுந்து போய் அணைக்கவும் இல்லை.

"வலிக்குது" என்றாள் ஆர்லிஸ். "இன்னிக்கு ரொம்பவே வலிக்குது. இந்தப் பக்கம் வந்து இந்தச் சட்டையக் கொஞ்சம் சரியா மாட்டி விடறியா? காலையிலேர்ந்து ஒரு கை உள்ளயே மாட்டிக்கிட்டிருக்கு."